நான்காம் மாடியில் உண்ணி வளர்ப்பு

நான்காம் மாடி பல்செட்காரர் உண்ணி வளர்க்கிறார் என்ற செய்தி திங்கட்கிழமை காலை வாட்ச்மேன் வாயிலிருந்து புறப்பட்டது. பால் பாக்கெட் முதல் மாடி ஏறுவதற்குள் அது மூன்றாம் மாடி ஏறிவிட்டது. முதல் மாடியில் கேட்டவர்களுக்கு, அவர் நாய்களின் உடம்பிலிருந்து உண்ணிகளைப் பிடுங்கிப் பாட்டிலில் அடைக்கிறார் என்ற அளவில்தான் விஷயம் இருந்தது. இரண்டாம் மாடியில் அவை பாட்டிலுக்குள் பெருகத் தொடங்கின. மூன்றாம் மாடிக்கு வந்தபோது, தன் மெஷின் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்ன வீடுகளின் மிதியடிக்குக் கீழே அவர் வீட்டுக்கு நான்கு உண்ணிகளை விட்டுவிட்டுப் போகிறார் என்று செய்தி கைகால் முளைத்து நின்றது.

பல்செட்காரர் அந்தக் கட்டடத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பல் டாக்டர்களுக்கு வீட்டிலிருந்தே பல்செட் செய்து கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவரைப் பற்றி மற்றவர்கள்தானே பேச வேண்டும்? கட்டடத்தில் ஒன்பது நாய்கள் இருந்தன. மழை விட்டதிலிருந்து எல்லா நாயும் சொறிந்துகொண்டிருந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இரண்டாம் மாடியில் இதைக் கேட்டவள் செக்கிங் அக்கா. பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிப்பது அவள் வேலை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒன்றைக் கேட்டதும் நம்பிவிடமாட்டாள். நம்பாமல் விட்டுவிடவும் மாட்டாள். வாட்ச்மேனைப் படியில் நிறுத்தினாள்.

"நீ பாத்தியா?"

"நான் பாக்கலக்கா. பாத்தவங்க சொன்னாங்க."

"பாத்தவங்க யாரு?"

"சொல்லிக்கிட்டாங்கக்கா."

"பாட்டில் எத்தனை?"

"இருக்கும் ஒரு அம்பது."

"எண்ணினது யாரு?"

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி, பதில் அதற்குள் இருப்பதுபோல எட்டிப் பார்த்தார்.

பரிசோதகர்களில் முக்கால்வாசிப் பேர் பயணிகளின் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் பொய் சொல்லச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். செக்கிங் அக்கா பாதங்களைப் பார்ப்பாள். டிக்கெட் இல்லாதவரின் பாதம் அவருக்கே தெரியாமல் வாசல் பக்கம் ஓர் அங்குலம் திரும்பும். குதிகால் லேசாக எழும்பும். பேருந்து புறப்படும் இடத்தில் அவள் ஏறமாட்டாள். எங்கேயாவது வளைவில் வேகம் குறைகிற இடத்தில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், முன்வாசல் வழியாக ஏறுவாள். யாராவது முந்திக்கொண்டு "வாங்க மேடம்" என்று டிக்கெட்டை நீட்டினால் அதை வாங்கித் தேதி பார்ப்பாள். நேற்றைய டிக்கெட்டுகள்தான் எப்போதும் முதலில் நீளும்.

வேலையை வாசலில் கழற்றிவைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வாங்கிய சர்க்கரையை வீட்டுத் தராசில் எடைபோடுவாள். வீட்டுத் தராசை எதிர்வீட்டுத் தராசோடு ஒப்பிடுவாள். கூடத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று நேரம் காட்ட, மற்றது அதைக் கண்காணிக்க. அவள் சந்தேகப்படாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான்: அவளைக் கட்டிய வீட்டுக்காரர். கீழே தெருவோரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நகலெடுத்தே பழகியவருக்குச் சொந்தமாக ஒன்று தோன்றாது என்பது அவள் கணிப்பு.

அவர்கள் வீட்டு நாயின் பெயர் மேனேஜர். பஸ் டிப்போ வாசலில் குட்டியாகக் கிடந்தவன். வேலை செய்கிறவர்களைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்து, அவ்வப்போது பெருமூச்சு விட்டதால் டிப்போ ஊழியர்கள் வைத்த பெயர் அது. பிள்ளை இல்லாத வீடாயிற்றே என்று யாராவது உச்சுக்கொட்ட வந்தால், மேனேஜர் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான். அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

எதிலும் நம்பிக்கை இல்லாத அக்காவுக்குத் தன் கைமேல் மட்டும் அபார நம்பிக்கை. மேனேஜருக்கு உண்ணி எடுப்பது அவள் பொறுப்பு. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உண்ணியின் மேல் அழுத்தி, அது மயங்கட்டும் என்று நூறு எண்ணி, பிறகு நகத்தால் கிள்ளி முறுக்கி இழுப்பாள். போன மாதம் அப்படித்தான் வயிற்றில் ஒன்று பிடிகொடுக்காமல் நின்றது. அவள் முறுக்கிய முறுக்கில் மேனேஜர் போட்ட சத்தத்துக்கு மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அது உண்ணி இல்லம்மா. அவனோட காம்பு."

"ஆம்பள நாய்க்கு ஏதுங்க காம்பு?"

"எனக்கே இருக்கே" என்றார் அவர்.

அதன்பிறகு இரண்டு நாள் மேனேஜர் கட்டிலுக்கு அடியிலிருந்து நிர்வாகம் நடத்தினான்.

வதந்தி கிளம்பிய அதே திங்கட்கிழமை மேனேஜர் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாள் இரவும் பாதிதான் சாப்பிட்டிருந்தான். அக்கா அவனைக் கிடத்திக் காது மடல், கழுத்து, கால் விரல் இடுக்கு என்று அங்குலம் அங்குலமாகத் துழாவினாள். ஓர் உண்ணிகூட இல்லை. அங்கேதான் அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

"ஒம்போது நாய்ல எட்டுக்கு உண்ணி இருக்கு. நம்ம வீட்டுக்கு மட்டும் இல்ல. ஏன்?"

"சுத்தமா வச்சிருக்கோம்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் கடையைத் திறக்கக் கிளம்பினார். அந்த நேரத்தில் அக்கா பார்த்துக்கொண்டிருந்தது நாயின் பாதங்களை.

பணியில் இருந்த ஆறு மணி நேரமும் அவள் இதையே யோசித்தாள். உண்ணி விடுகிறவன் எட்டு வீட்டுக்கு விட்டுவிட்டு ஒரு வீட்டை மட்டும் ஏன் தாண்டிப்போகிறான்? அந்த வீட்டில் பரிசோதகர் இருப்பது அவனுக்குத் தெரியும். பேருந்தில் முந்திக்கொண்டு டிக்கெட்டை நீட்டுவானே, அதே ஆள்தான் இவன்.

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அவள் நான்காம் மாடிக்குப் போனாள். சாப்பிட்டவர்கள் கண் அயரும் நேரம். தப்பு செய்கிறவர்கள் நிதானமாகச் செய்யும் நேரம். லிஃப்ட் சத்தம் போடும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டாமல் தள்ளினாள்.

அறை முழுக்க வாய்கள். அலமாரித் தட்டுகளில் பிளாஸ்டரில் வார்த்த மேல் தாடைகளும் கீழ்த் தாடைகளும் வரிசையாக, எதையோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல இருந்தன. உருகிய மெழுகின் வாடை. மேஜைமேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு. அதன் வெளிச்சத்தில், விரித்த துண்டின்மேல், பற்களுக்குப் பதிலாகப் படுத்திருந்தது ஒரு பழுப்பு நாய்க்குட்டி. தரைத்தளத்து டைப்பிஸ்ட் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பல்செட்காரர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. கதவைச் சாத்திடுங்க, குட்டி ஓடிடும்."

"கதவை எதுக்குச் சாத்தணும்?"

"குட்டி ஓடிடும்னு இப்பதானே சொன்னேன்."

அக்கா அவர் பாதங்களைப் பார்த்தாள். ரப்பர் செருப்பில் இரண்டும் தரையோடு வார்த்துவைத்ததுபோல் அசையாமல் இருந்தன. இவ்வளவு நிதானமான பாதங்களை அவள் கண்டக்டர்களிடம்கூடக் கண்டதில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

அவர் குட்டியின் கழுத்து முடியை இரண்டாக வகிர்ந்தார். உள்ளே பயறளவு சாம்பல் உருண்டை ஒன்று தோலில் வாய் புதைத்துக் கிடந்தது.

"மண்ணெண்ணெய் எங்க?" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"அது மயங்க வேணாமா?"

"மயங்காது. மூச்சு முட்டும். முட்டினா வயித்துல இருக்கறதை எல்லாம் நாய் உடம்புக்குள்ளயே கக்கும். நோய் அப்படித்தான் போகுமாம்."

"யாரு சொன்னா?"

"பிராணிகள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா."

"எழுத்துல குடுத்தாங்களா?"

"இல்ல."

"ம்" என்றாள் அக்கா. "தீக்குச்சி காட்டலாமே?"

"நாய் என்ன சிகரெட்டா?" என்றாள் டைப்பிஸ்ட்.

பல்செட்காரர் ஊசிமுனை ட்வீசரை எடுத்தார். பல்செட்டில் சிக்கிய மெழுகுத் துணுக்கை எடுக்கிற அதே ட்வீசர் ரகம். நாய்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார். உண்ணியின் உப்பிய வயிற்றைத் தொடவே இல்லை. தோலை ஒட்டி, வாய் இறங்கியிருந்த இடத்திலேயே பற்றினார். பிறகு நேர்மேலாக, அவசரமே இல்லாமல், ஒரே சீராக இழுத்தார். தோல் கூடாரம்போல் கொஞ்சம் எழும்பியது. அவர் நிறுத்தவும் இல்லை, வெடுக்கென்று இழுக்கவும் இல்லை.

"முறுக்கலையா?"

"முறுக்கினா பிஞ்சு வாய் உள்ளயே நின்னுடும். வயித்தை அமுக்கினா ஊசி போட்ட மாதிரி எல்லாம் உள்ள போயிடும். அச்சிலேருந்து பல்செட்டைக் கழட்டற மாதிரிதான். பொறுமை போச்சுன்னா வெடிச்சிடும்."

அக்காவின் வலது கட்டைவிரல் நகம் உள்ளங்கைக்குள் மடங்கியது. உண்ணி முழுசாக, கால்களை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. குட்டி கொட்டாவி விட்டது. கடிபட்ட இடத்தை அவர் கிருமிநாசினிப் பஞ்சால் துடைத்தார். உண்ணியை ஸ்பிரிட் ஊற்றிய குட்டி பாட்டிலில் போட்டு மூடி, ஒட்டுத்தாளில் தேதி, யார் வீட்டு நாய், உடம்பில் எந்த இடம் என்று எழுதி ஒட்டினார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"எதுக்குச் சேத்து வைக்கறீங்க?"

"பின்னாடி நாய்க்குக் காய்ச்சல் வந்தா, எப்ப கடிச்சுது, எந்த மாதிரி உண்ணின்னு கேப்பாங்க. யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு மாசம் வச்சிருந்து கழிச்சுடுவேன்."

"நம்பறதுக்கு நல்லாத்தான் இருக்கு. அப்ப இவ்வளவு உண்ணி எங்கேருந்து வருது?"

"சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி புல்லு முட்டி உசரம் நிக்குதுல்ல? அதுலதான் உக்காந்திருக்கும்."

"புல்லு வெட்டறது யாரு வேலை?"

"வாட்ச்மேன் வேலை" என்றாள் டைப்பிஸ்ட். "போன வாரம் சார் போய்க் கேட்டப்ப, மேல விழுந்து கடிக்காத குறை."

வதந்தியின் புறப்பாட்டு இடம் அக்காவுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை. ஒரே சீட்டில் இரண்டு பேர் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்து வந்ததை அவள் எத்தனையோ முறை பார்த்தவள். நேராக அலமாரிக்குப் போய்ப் பாட்டில்களை எண்ணினாள். ஐம்பது இல்லை, பதினேழு. அவற்றில் உயிரோடு இருந்தது எதுவும் இல்லை. ஒட்டுத்தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினான்காவது பாட்டிலில் கண் நின்றது.

'மேனேஜர், 2-ஆம் மாடி, இடது காதுக்குப் பின்.' பதினைந்தாவதும் மேனேஜர். பதினாறாவதில் எழுத்து கொஞ்சம் நீளமாக இருந்தது: 'மேனேஜர். கழுத்து. ஏற்கெனவே கிள்ளப்பட்டது, பாதி உடல்தான் கிடைத்தது. வாய் தோலுக்குள். நோண்டவில்லை. மண்ணெண்ணெய் வாடை.' தேதி பன்னிரண்டு நாள் முந்தையது.

"எங்க வீட்டு நாய் இங்க எப்படி வந்துச்சு?"

முதல்முறையாகப் பல்செட்காரரின் பாதங்கள் அசைந்தன.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்க்கா."

"யாருக்கு?"

"அதைச் சொன்னா இதையும் சொன்ன மாதிரிதானே?"

அக்கா பதினாறாவது பாட்டிலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். ரசீது வேணுமா?"

"வேணாம்க்கா. மூடி கழண்டுடாம பாத்துக்குங்க."

ஜெராக்ஸ் கடையில் வீட்டுக்காரர் யாருடைய வாடகை ஒப்பந்தத்தையோ நகலெடுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. அக்கா கவுன்ட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"மேனேஜரை நாலாம் மாடிக்கு யாரு கூட்டிட்டுப் போனது?"

"எந்த மேனேஜர்?"

"ஊர்ல எத்தனை மேனேஜரைத் தூக்கிட்டுப் போவீங்க நீங்க?"

சொல்லிக்கொண்டே அவள் குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவர் பாதங்களைப் பார்த்தது அன்றுதான். வலது பாதம் தெருப் பக்கம் திரும்பியிருந்தது. குதிகால் எழும்பியிருந்தது.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா. நீ காலை டியூட்டிக்குப் போனதும்."

"நாலு மாசமா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டுடுவியா? அந்த ஆளே சரியில்லன்னு அவர் குடிவந்த அன்னிக்கே தீர்ப்பு எழுதிட்ட." அவர் மெஷினை நிறுத்தினார். "நீ அவனை அமுக்கிப் பிடிக்கறப்ப அவன் உன்னைப் பாக்க மாட்டான்மா. என்னைப் பாப்பான். நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு கத்தாம இருக்கப் பாப்பான். அதைத்தான் என்னால பாக்க முடியல."

அக்கா கைக்குட்டையைப் பிரித்தாள். "இந்தப் பாதி. இது நான் கிள்ளினதா?"

"ஆமா. மறுநாள் காலைல பாத்தேன். எடுத்துட்டுப் போனேன்."

பன்னிரண்டு நாள் என்று அவள் மனசு கணக்குப் போடும்போதே கடைவாசலில் பல்செட்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"வாக்கை நான் மீறலண்ணே, அக்காவே படிச்சுட்டாங்க" என்று முதலில் வீட்டுக்காரரிடம் கணக்கை நேர்செய்துகொண்டார். பிறகு அக்காவிடம், "காலைல அண்ணன் சொன்னாரு, அவன் சாப்பிடலன்னு. அந்தப் பாட்டில் தேதியோட சேத்துப் பாத்தப்ப இப்பதான் உறைச்சுது. ஈறு பாத்தீங்களா?"

"ஈறா?"

"உதட்டைத் தூக்கி ஈறைப் பாக்கணும்க்கா. எனக்கு உருப்படியாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

மேனேஜர் குளியலறைத் தரையில், ஈரமான ஓட்டில் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தான். மூன்று பேர் சேர்ந்து உள்ளே வந்தும் தலையைத் தூக்கவில்லை. உடம்பு கொதித்தது. பல்செட்காரர் அவன் மேலுதட்டை விரலால் உயர்த்தினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் அவர் அலமாரியில் இருக்கும் பிளாஸ்டர் தாடைகளின் நிறத்தில் இருந்தது.

"கிளம்பலாம்" என்றார்.

"உங்களுக்கு எப்படி இவ்வளவு டக்குன்னு தெரிஞ்சுது?" என்றாள் அக்கா. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரலில் அவள் யாரையும் விசாரித்ததில்லை.

"வண்டில உக்காந்து விசாரிங்கக்கா. பின்னங்கால் ரெண்டையும் நான் பிடிச்சுக்கறேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மேனேஜரின் சூட்டைப் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "உண்ணி ஏதாவது கடிச்சுதா? எப்பன்னு ஞாபகம் இருக்கா?" பதில் வராது என்று தெரிந்த குரலில்தான் கேட்டாள். அக்கா கைக்குட்டையைப் பிரித்துப் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா ஒட்டுத்தாளை இரண்டு முறை படித்தாள்.

"இதை யார் எழுதினது?"

"இவர்தான்" என்று அக்கா உடனே கைகாட்டினாள். "ஏன், தப்பா?"

"தப்பா? இப்படித் தேதி போட்டு யாரும் கொண்டுவந்ததே இல்லம்மா."

ரத்தம் எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, உண்ணிக் காய்ச்சல் என்று டாக்டரம்மா சொன்னாள். தேதி தெரிந்ததால் எதைத் தேடுவது என்று தெரிந்தது. முற்றுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். ஒரு மாதம் மாத்திரை விடாமல் கொடுத்தால் எழுந்துவிடுவான்.

வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை.

"நான் கிள்ளினதாலதான் வந்துச்சா?"

"சொல்ல முடியாதும்மா. கிள்ளினாலும் வரலாம், கிள்ளாட்டியும் வரலாம். எவ்வளவு நேரம் ஒட்டிக்கிட்டு இருந்துதுங்கறதும் இருக்கு."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

"தெரியாதும்மா" என்றாள் டாக்டரம்மா. "இனிமே மண்ணெண்ணெய் மட்டும் வேணாம்."

அக்காவின் சட்டத்தில் இரண்டே பிரிவுகள்தான்: டிக்கெட் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் அபராதம். இருந்ததா இல்லையா என்றே தெரியாதவருக்கு என்ன எழுதுவது என்று அவளுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

நான்காம் நாள் மேனேஜர் எழுந்து தட்டுவரைக்கும் வந்தான். வேகவைத்த உருளைக்கிழங்குக்குள் அக்கா மாத்திரையை ஒளித்துவைத்திருந்தாள். அவன் கிழங்கை மோந்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் மோந்தான், மாத்திரையை மட்டும் ஓரமாகத் துப்பிவிட்டுக் கிழங்கைத் தின்றான். "யாருகிட்ட வளந்தவன்" என்று வீட்டுக்காரர் கடிகாரங்களைப் பார்த்துச் சொன்னார்.

சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் புல் ஒரே நாளில் காணாமல் போனது. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும்போதே வாட்ச்மேன் வெட்டி முடித்தார். வெட்டிய களைப்பில், செக்கிங் அக்காவும் பல்செட்காரரும் இப்போது கூட்டு, பாட்டில் பதினேழு இல்லை நூறு என்று புதிய தகவல் ஒன்றை முதல் மாடிக்கு அனுப்பிவைத்தார்.

பல்செட்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த மத்தியானம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கான மேல்வரிசைப் பல்செட்டை அவர் பல் டாக்டரிடம் சேர்த்திருக்க வேண்டும். பல் வேலை முடியவில்லை. தலைமையாசிரியர் மறுநாள் பழைய மாணவர்களோடு எடுத்த குரூப் போட்டோவில் உதட்டை இறுக மூடிக்கொண்டு, மொத்த வகுப்பையும் சந்தேகப்படுகிறவர்போல் நிற்கிறார். இதை அக்காவிடம் படியில் சொன்னபோது பல்செட்காரர் சிரிக்கவில்லை.

"அரை நாள் நீங்க எனக்குத் தரணும்க்கா."

"அரை நாள் கூலின்னா எவ்வளவு?"

"காசு யாரு கேட்டா? ஞாயித்துக்கிழமை காலைல நாய்ங்க வருது. தலையைப் பிடிச்சுக்க ஆள் வேணும். டைப்பிஸ்டுக்குக் கை நடுங்குது."

"நான் எதுக்கு?"

"நீங்க பிடிச்சா எதுவும் அசையாது" என்றார் அவர்.

இது பாராட்டா குத்தலா என்று அக்கா அன்று முழுக்க யோசித்தாள். வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் இரண்டாகவும் இருக்கலாம் என்றார். அவரை நம்புவதை அவள் இப்போது கொஞ்சம் குறைத்திருந்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டியூட்டி. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாதபோதும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நகங்களை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, நான்காம் மாடி ஏறினாள். உள்ளே ஏதோ ஒரு நாய் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. பல்செட்காரர் அதனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தட்டுவதற்காகக் கையைத் தூக்கினாள். உண்ணி கிள்ளிய அந்தக் கையைத் திருப்பி முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கி வந்துவிட்டாள்.

"என்னாச்சு, பிடிச்சுட்டு வந்தியா?" என்றார் வீட்டுக்காரர்.

"அந்த ஆளு எதுக்குக் கூப்பிடறார்னு இன்னும் சரியா விளங்கல" என்றாள்.

அரை நாள் அப்படியே பாக்கி நிற்கிறது.